கடைசிக் கப்பல் திரும்பும்வரை

சண்டை முடிந்து இருபது நிமிடம் ஆகிவிட்டது. அடுத்த கட்டத்துக்குத் தாவுவதற்கான பொத்தான் தயாராக இருக்கிறது. எதிரி என்று சொல்ல எவரும் மிச்சமில்லை. ஆனாலும் நான் அந்தப் பொத்தானைத் தொடவில்லை. வெகுதொலைவில், செம்பழுப்புத் தூசுமேகம் ஒன்றின் ஓரத்தில், என்னுடைய இரண்டு அறுவடைக் கப்பல்கள் விண்கல் ஒன்றை உறிஞ்சிக்கொண்டிருக்கின்றன. வயிறு நிறைந்ததும் அவை ஆமை வேகத்தில் தாய்க்கப்பலுக்குத் திரும்பும். சுமையை இறக்கிவிட்டு மீண்டும் அவ்வளவு தூரம் போகும். கேமராவை அவற்றில் ஒன்றின் முதுகுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதையும் விளையாட்டு என்று சொல்வார்களா என்று கேட்கலாம். கை ஓயாமல் சொடுக்கிக்கொண்டே இருப்பதுதான் இந்த வகை விளையாட்டின் இலக்கணம் என்றே பலரும் நினைக்கிறார்கள். எனக்கோ இந்தக் காத்திருப்புதான் 'ஹோம்வேர்ல்ட்' என்ற கணினி விளையாட்டின் உயிர். ஏன் என்று சொல்ல முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

1999 செப்டம்பரில் வெளிவந்த விளையாட்டு இது. கனடாவின் ரெலிக் நிறுவனம் உருவாக்கியது, சியரா வெளியிட்டது. அதற்குள், நேரம் ஓட ஓடவே படையை நடத்தும் நிகழ்நேர வியூக விளையாட்டுகளுக்கு என்று ஓர் அச்சு உருவாகியிருந்தது. 1992-இல் வந்த 'டியூன் 2' அந்த அச்சை வார்த்தது. 1998-இல் வந்த 'ஸ்டார்கிராஃப்ட்' அதைக் கூர்தீட்டியது. தளம் அமை, கனிமம் தோண்டு, படை திரட்டு, எதிரியின் தளத்தை அழி. அடுத்த கட்டத்தில் மறுபடியும் வெறுங்கையோடு தொடங்கு. 'ஸ்டார்கிராஃப்ட்' கதை விண்வெளியில் நடப்பதுதான். ஆனால் சண்டை நடப்பதென்னவோ ஒரு தட்டையான வரைபடத்தின் மேல். விண்வெளி அங்கே பின்னணித் திரை மட்டுமே. அந்த விளையாட்டின் மீது எனக்குக் குறையில்லை. பல ஆண்டுகள் அதில் ஊறியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தோடு 'ஹோம்வேர்ல்ட்' பக்கம் வந்ததால்தான் முதல் அடி அவ்வளவு பலமாக விழுந்தது.

இங்கே தரை கிடையாது. ஒரு கப்பலைத் தேர்ந்தெடுத்து எம் விசையை அழுத்தினால் அதைச் சுற்றி ஒரு வட்டத் தட்டு விரிகிறது. மவுஸை நகர்த்தினால் அந்தத் தட்டின் மேல் எங்கே போவது என்று குறிக்கலாம். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு மவுஸை மேலேயோ கீழேயோ இழுத்தால் அந்தப் புள்ளியிலிருந்து ஒரு கோடு எழுகிறது அல்லது இறங்குகிறது. அந்தக் கோட்டின் நுனிதான் கப்பல் போய்ச் சேரும் இடம். படிக்கும்போது சிக்கலாகத் தோன்றும். பத்து நிமிடத்தில் கைக்குப் பழகிவிடும். மூளைக்குப் பழகுவதற்குத்தான் பல நாள் ஆகும்.

எனக்கு அப்படித்தான் ஆனது. ஷிஃப்ட் விசை இருப்பது தெரிந்தும் முதல் சில கட்டங்களை நான் தரைப்போர் போலவே ஆடினேன். எல்லாக் கப்பல்களையும் ஒரே மட்டத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு மேசையின் மேல் பரப்பி வைத்தது போல நிறுத்தியிருந்தேன். அயனிப் பீரங்கி ஃபிரிகேட்டுகள் மூன்று என்னிடம் இருந்தன. நீளமான கப்பல்கள், அவற்றின் ஒரே பீரங்கி மூக்கின் நேரே மட்டும்தான் சுடும். குறிவைக்க வேண்டுமென்றால் முழுக் கப்பலும் திரும்ப வேண்டும். எதிரி கீழிருந்து வந்தான். என் மூன்று ஃபிரிகேட்டுகளும் மூக்கைக் கீழே சாய்க்கத் தொடங்கியபோதே முதல் கப்பலின் அடிவயிறு தீப்பிடித்துவிட்டது. மூன்றாவது கப்பல் முழுதாகத் திரும்பி முடித்தபோது மற்ற இரண்டும் இல்லை.

அன்றைக்கு ஒன்று உறைத்தது. தமிழில் நாம் சொல்லும் திசைகளே நிலத்தின் மேடுபள்ளத்திலிருந்து பிறந்தவை. மேல் என்பதிலிருந்து மேற்கு, கீழ் என்பதிலிருந்து கிழக்கு. நிலம் உயர்ந்திருக்கும் பக்கம் ஒன்று, தாழ்ந்திருக்கும் பக்கம் மற்றொன்று. நிலமே இல்லாத இடத்தில் நின்றுகொண்டு அந்தத் திசைகளோடு யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதன் பிறகு ஒவ்வொரு சண்டைக்கு முன்பும் ஸ்பேஸ் விசையை அழுத்தி முழுப் பரப்பையும் காட்டும் திரைக்குப் போய், அதை ஒரு பந்து போல உருட்டி உருட்டிப் பார்க்கும் பழக்கம் வந்தது. பச்சைப் புள்ளிகள் நாம், சிவப்புப் புள்ளிகள் அவர்கள். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது நெருக்கமாகத் தெரியும் இரண்டு புள்ளிகள், தலைமேலிருந்து பார்த்தால் எட்டாத தூரத்தில் இருக்கும்.

வியூகம் என்ற சொல்லை இன்று எதற்கெல்லாமோ பயன்படுத்துகிறோம். தேர்தல் வியூகம், விற்பனை வியூகம் என்று. படையை எந்த வடிவில் நிறுத்துவது என்பதுதான் அதன் பழைய பொருள். சக்கர வியூகம் என்று நாம் கேட்டு வளர்ந்த பொருள். இந்த விளையாட்டில் அந்தப் பொருள் அப்படியே உயிரோடு இருக்கிறது. முக்கோணம், அகல வரிசை, நகம், சுவர், கோளம் என்று ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வடிவம் கொடுக்கலாம். ஃபிரிகேட்டுகளைச் சுவராக நிறுத்தினால் எல்லாப் பீரங்கிகளுக்கும் முன்னால் வெளி திறந்திருக்கும். ஒன்றை ஒன்று மறைக்காது. சிறு போர்விமானங்களைக் கோளமாக்கி ஒரு கப்பலுக்குக் காவல் வைத்தால், எந்தப் பக்கமிருந்து எது வந்தாலும் அங்கே ஒரு காவலாள் இருப்பான். இரண்டு பரிமாணங்களில் மட்டும் யோசிக்கும் விளையாட்டுகளில் கோளம் என்ற வியூகத்துக்கு இடமே இல்லை.

ஆனால் மூன்றாவது பரிமாணத்துக்காக மட்டும் ஒரு விளையாட்டை இத்தனை ஆண்டுகள் நெஞ்சில் சுமக்க மாட்டேன். இனி கதைக்கு வருகிறேன். விளையாடியிராதவர்கள், விளையாடும் எண்ணம் உள்ளவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது.

காரக் என்றொரு பாலைவனக் கோள். அதன் மணலுக்கடியில் ஒரு பழைய விண்கலம் புதைந்து கிடப்பதை ஒரு செயற்கைக்கோள் கண்டுபிடிக்கிறது. அந்தக் கலத்துக்குள் ஒரு கல். கல்லில் விண்மீன் மண்டலத்தின் வரைபடமும் ஒரே ஒரு சொல்லும் செதுக்கப்பட்டிருக்கின்றன: ஹீகாரா. நம் வீடு என்று பொருள். தாங்கள் அந்தக் கோளின் பிள்ளைகள் அல்லர் என்று மக்களுக்குத் தெரிகிறது. சண்டையிட்டுக் கிடந்த குலங்கள் ஒன்றுகூடி, 60 ஆண்டுகள் உழைத்து ஒரு தாய்க்கப்பலைக் கட்டுகின்றன. அவ்வளவு பெரிய கலத்தை இயக்க ஒரு மனித மூளை வேண்டும். கரன் சஜெட் என்ற விஞ்ஞானி தன்னையே அந்தக் கப்பலோடு இணைத்துக்கொள்கிறாள். விளையாட்டு முழுவதும் நமக்குக் கேட்கும் அமைதியான பெண்குரல் அவளுடையதுதான்.

முதல் கட்டம் வெறும் பயிற்சி. கப்பல்களை எப்படி நகர்த்துவது, எப்படிச் சுடுவது என்று கற்றுக்கொடுக்கிறார்கள். முடிவில் தாவும் எந்திரத்தைச் சோதிக்கச் சொல்கிறார்கள். பொத்தானை அழுத்துகிறோம். தாய்க்கப்பல் தன் கோளின் அருகிலிருந்து மறைந்து, அந்தச் சூரிய மண்டலத்தின் எல்லையில் போய்த் தோன்றுகிறது. அங்கே நமக்காகக் காத்திருக்க வேண்டிய துணைக்கப்பல் உடைந்து கிடக்கிறது. கொள்ளையர் தாக்குகிறார்கள். தப்பித்து ஊருக்குத் திரும்புகிறோம்.

மூன்றாவது கட்டம் தொடங்கும்போது திரையில் காரக் எரிந்துகொண்டிருக்கிறது.

வெடிச்சத்தமோ போர்முரசோ கேட்காது. அமெரிக்க இசையமைப்பாளர் சாமுவேல் பார்பரின் 'அடாஜியோ'வைக் குரல்கள் மட்டும் பாடும் வடிவம் மெல்ல எழும்புகிறது. கரனின் குரல் எல்லா அலைவரிசைகளிலும் கேட்டுப் பார்த்துவிட்டு, எங்கிருந்தும் பதில் இல்லை என்று சொல்கிறது. எந்தக் கட்டுமானத் தளத்திலிருந்து தாய்க்கப்பல் புறப்பட்டதோ அது சிதைந்து கிடக்கிறது. கோளைச் சுற்றி ஆறு பெட்டகங்கள் மிதந்துகொண்டிருக்கின்றன. தாய்க்கப்பலில் ஏற்றுவதற்காக உறைநிலையில் வைக்கப்பட்டிருந்த 6 லட்சம் பேர் அவற்றுக்குள். ஓர் இனத்தில் உயிரோடு இருப்பவர்கள் அவர்களும் நம் கப்பல்களில் இருப்பவர்களும் மட்டுமே. எதிரி ஃபிரிகேட்டுகள் அந்தப் பெட்டகங்களைச் சுட்டுக்கொண்டிருக்கின்றன.

அந்தக் கட்டத்தை நான் முதன்முதலாக ஆடிய இரவு இன்னும் துல்லியமாக நினைவிருக்கிறது. பெட்டகங்களின் பக்கத்தில் ஓர் ஆரோக்கியக் கோடு தெரியும். பச்சையிலிருந்து மஞ்சளுக்கு, மஞ்சளிலிருந்து சிவப்புக்கு. ஒரு கோடு குறைவதைப் பார்த்து அவ்வளவு பதறியது அதற்கு முன்பு இல்லை. போர்விமானங்களை முன்னே அனுப்பி எதிரியின் கவனத்தைத் திருப்பினேன். அவை ஒவ்வொன்றாக விழுந்தன. எல்லாப் பெட்டகங்களையும் தாய்க்கப்பலில் ஏற்ற முடியவில்லை. ஒன்று என் கண்முன்னே உடைந்தது. கட்டத்தில் தோற்கவில்லை, விளையாட்டு தொடர்ந்தது. ஆனால் என்னால் உடனே தொடர முடியவில்லை. கணினியை அணைத்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் அந்தக் கட்டத்தை முதலிலிருந்து ஆடி ஆறையும் மீட்ட பிறகுதான் அடுத்ததற்குப் போனேன்.

அதே மூன்றாவது கட்டத்தில் எதிரிக் கப்பல் ஒன்றையாவது உயிரோடு பிடித்து வரச் சொல்கிறார்கள். அதற்கென்றே மீட்புக் கப்பல்கள் இருக்கின்றன. ஆயுதமில்லாத சிறிய கலங்கள். எதிரியின் உடலில் போய் ஒட்டிக்கொண்டு அதைத் தாய்க்கப்பலுக்கு இழுத்து வரும். ஒரு ஃபிரிகேட்டை இழுக்க இரண்டு வேண்டும். பிடிபட்டவர்களை விசாரித்ததில் காரணம் தெரியவருகிறது. 4,000 ஆண்டுகளுக்கு முன்பு போடப்பட்ட ஓர் ஒப்பந்தம். அதன்படி இந்த மக்கள் தாவும் எந்திரத்தைக் கட்டக் கூடாது. கட்டினார்கள், அதற்குத் தண்டனை.

இதைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். முதல் கட்டத்தின் முடிவில் அந்தப் பொத்தானை அழுத்தியது யார்? நான்தான். பயிற்சியின் ஒரு பகுதி என்று எண்ணி, ஒரு நொடிகூட யோசிக்காமல் அழுத்தினேன். விளையாட்டின் விதிகளைக் கற்றுத்தரும் இடத்திலேயே, கதையின் மிகப் பெரிய இழப்புக்கான செயலை நம் விரலாலேயே செய்யவைத்திருக்கிறார்கள். குற்றம் நம்முடையதல்ல, தண்டனை கொடுத்தவனுடையது. அது தெளிவாகவே தெரியும். இருந்தாலும் அதற்குப் பிறகு அந்தப் பொத்தானை அலட்சியமாக அழுத்த எனக்கு மனம் வந்ததில்லை.

இப்போது காத்திருப்பைப் பற்றிச் சொல்லலாம். இந்த விளையாட்டின் 16 கட்டங்களிலும் படை ஒன்றுதான். ஒரு கட்டத்தில் மிஞ்சுவதுதான் அடுத்த கட்டத்துக்கு வரும். சேர்த்த கனிமமும் அப்படியே. விட்டுவிட்டு வந்தால் போனது போனதுதான். 'ஸ்டார்கிராஃப்ட்' விளையாட்டில் ஐம்பது வீரர்களைப் பலிகொடுத்து ஒரு கட்டத்தை வென்றால் அது வெற்றியேதான்; கணக்கு அங்கேயே முடிந்துவிடும். இங்கே ஐந்து ஃபிரிகேட்டுகளை இழந்து வென்றால் அந்த ஐந்தும் இல்லாமல்தான் அடுத்த எதிரியின் முன் நிற்க வேண்டும். அதனால் வெற்றி என்ற சொல்லுக்கே எடை மாறிவிடுகிறது. எதிரியில் எத்தனை விழுந்தன என்று நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். நம்மில் எத்தனை திரும்பின என்றுதான் எண்ணினேன்.

எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். பெட்டகங்கள் தவிர வேறு எதற்காகவும் பழைய சேமிப்பைத் திறந்து பின்னால் போகக் கூடாது. கப்பல் போனால் போனதுதான். நண்பர்கள் பலர் ஒவ்வோர் இழப்புக்கும் பின்னால் போய் மாற்றி ஆடுவார்கள். அப்படி ஆடுபவர்கள் இந்த விளையாட்டின் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

மூன்றாவது கட்டத்தில் நான் ஒன்றோடு நிறுத்தவில்லை; மூன்று ஃபிரிகேட்டுகளைப் பிடித்து வந்தேன். காரக்கை எரித்த படையின் கப்பல்கள். பிடித்துவிட்டால் அவை நம் படையில் சேர்ந்துவிடும், நம் கட்டளைக்குச் சுடும். வடிவம் மட்டும் எதிரியின் வடிவம்தான். என் கப்பல்களுக்கு நடுவே அந்த மூன்றும் தனியாகத் தெரியும். முதலில் அவற்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை. எந்தச் சண்டையிலும் முன்வரிசையில் நிறுத்தினேன். போனால் போகட்டும் என்று. அவை போகவில்லை. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் கரிப்பிடித்த உடலோடு திரும்பி வந்தன. பழுதுபார்க்கும் கலங்கள் அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்து ஒட்டுப் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கையில், எப்போது என்று சொல்ல முடியாத ஒரு நேரத்தில், அவை நம்முடையவை ஆகிவிட்டன.

ஏழாவது, எட்டாவது கட்டங்களில் கதேஷ் என்ற ஒளிமேகத்துக்குள் போகிறோம். பொன்னிறத்தில் மினுங்கும் அழகான இடம். அங்கே வாழும் மக்கள் வெளியாரை உயிரோடு விட மாட்டார்கள். தங்களோடு சேர வேண்டும், இல்லையென்றால் சாக வேண்டும். ஈசல் போலச் சிறுகலங்கள் கூட்டம் கூட்டமாக வந்து மொய்க்கின்றன. அவற்றுக்கு ஒரே ஒரு பலவீனம், எரிபொருள். கொஞ்ச நேரம்தான் தாக்குப்பிடிக்கும். உடனே தங்கள் எரிபொருள் கலத்துக்கு ஓட வேண்டும். அந்தக் கலங்களைக் குறிவைத்து உடைத்தால் கூட்டம் தானாகவே ஓய்ந்துவிடும். அதைக் கண்டுபிடித்த பெருமிதத்தில் இருந்தபோதுதான் மேகத்தின் நடுவே ஒரு சிதைந்த கலம் தென்படுகிறது. நம் பாலைவனத்தில் புதைந்து கிடந்த அதே வகைக் கலம். இவர்களும் நம் முன்னோரோடு ஹீகாராவிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள்தான். வழியில் பயந்துபோய் இந்த மேகத்துக்குள் ஒளிந்துகொண்டு, ஒளிந்ததையே பின்னர் மதமாக்கிக்கொண்டவர்கள். சொந்த இரத்தத்தைச் சுட்டுவிட்டோம் என்று தெரிந்த பிறகும் சுட்டுக்கொண்டேதான் வெளியேற வேண்டியிருக்கிறது. என் மூன்று ஃபிரிகேட்டுகளில் ஒன்றை அங்கே இழந்தேன்.

2015-இல் இந்த விளையாட்டைக் கியர்பாக்ஸ் நிறுவனம் புதுப்பித்து வெளியிட்டது. படங்கள் கண்ணைப் பறிக்கின்றன. கப்பலின் உலோகத்தில் கீறல்கள்கூடத் தெரிகின்றன. இளையவர்கள் யாரேனும் கேட்டால் அதையே பரிந்துரைக்கிறேன். ஆனால் அதில் இரண்டு மாற்றங்கள் எனக்கு ஒப்பவில்லை. பழைய விளையாட்டில் நம்முடைய போர்விமானங்களுக்கும் எரிபொருள் தீரும். தொலைவில் சண்டையிடும் குழுவை நடுவில் திருப்பி அழைக்க வேண்டும். அல்லது எரிபொருள் நிரப்பும் கலத்தை உடன் அனுப்ப வேண்டும். தூரத்துக்கு ஒரு விலை இருந்தது. புதியதில் அதை எடுத்துவிட்டார்கள். மற்றொன்று, கட்டம் முடிந்ததும் மிச்சமுள்ள கனிமமெல்லாம் தானாகவே நம் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. காத்திருப்பு இல்லை. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இருபது நிமிடத்தில்தான் நான் என் கப்பல்களின் அருகே போய்ப் பார்த்தேன். பின்னணியில் பால் ரஸ்கேயின் இசை தாழ்ந்த குரலில் ஓடிக்கொண்டிருக்கும். இசைநாடாவைத் தனியாகக் கேட்டால் அது சாதாரணமாகத் தெரியலாம். சண்டையில் தப்பிப் பிழைத்த கப்பல்கள் அணிவகுத்து நிற்க, ஒற்றை அறுவடைக் கப்பல் தூரத்திலிருந்து விளக்கு மினுக்கிக்கொண்டு வரும்போது கேட்டால் வேறு.

2024-இல் மூன்றாம் பாகமும் வந்தது. அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. பிரம்மாண்டமான சிதைவுகளுக்கு நடுவே சண்டையிடுவது நன்றாக இருக்கிறது, கதை என்னைத் தொடவில்லை.

இரண்டாவது ஃபிரிகேட் பதினான்காவது கட்டத்தில் போனது. எதிரியின் அயனிப் பீரங்கி ஃபிரிகேட்டுகள் ஒரு பெரும் கோளமாகச் சூழ்ந்து நிற்கும் இடம் அது. நான் கற்றுக்கொண்ட அதே கோள வியூகம், இம்முறை நமக்கு எதிராக. மீட்புக் கப்பல்களைக் கொண்டு அந்தக் கோளத்தை ஓரத்திலிருந்து ஒன்றொன்றாகக் கொறித்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. இழுத்து வரும்போது குறுக்கே விழுந்த கதிர்களைத் தாங்கிக்கொள்ள எதையாவது முன்னால் நிறுத்த வேண்டியிருந்தது. அந்தப் பழைய கப்பல்தான் மிக அருகில் இருந்தது. நிறுத்தியது நான்தான்.

கடைசிக் கட்டம் ஹீகாராவின் வாசலில். நீலமும் பச்சையுமாக ஒரு கோள், பாலைவனத்திலிருந்து புறப்பட்டவர்களின் கண்முன். காரக்கை எரித்தவர்களின் பேரரசன் தொடுக்கும் தாக்குதலில் கரனின் குரல் நின்றுவிடுகிறது. இத்தனை கட்டங்களாகக் காதில் ஒலித்த குரல் இல்லாமல், எல்லாப் பக்கங்களிலிருந்தும் வரும் படைகளைச் சமாளிக்க வேண்டும். ஸ்பேஸ் விசையை அழுத்திப் பந்தை உருட்டினேன். மேலே சிவப்பு, கீழே சிவப்பு. இம்முறை என் கப்பல்கள் ஒரே மட்டத்தில் இல்லை.

எல்லாம் முடிந்ததும் பெட்டகங்கள் கோளில் இறங்குகின்றன. உறங்கியவர்கள் அனைவரும் தரையில் கால்வைத்த பிறகே தான் இறங்குவேன் என்று கரன் சொல்கிறாள். ஹீகாராவில் கடைசியாகக் கால்பதித்தவள் அவள்தான் என்று கதை முடிகிறது.

அதற்குச் சற்று முன்பு, இறுதி எதிரிக் கப்பல் வெடித்துக்கொண்டிருந்தபோது, நான் கேமராவைத் திருப்பி என்னுடைய மூன்றாவது ஃபிரிகேட்டைத் தேடினேன். தாய்க்கப்பலின் அடிப்பக்கம், மற்றவற்றிலிருந்து ஒதுங்கி, ஒரு பக்கத்தில் புகை கசிய நின்றுகொண்டிருந்தது. ஆரோக்கியக் கோட்டில் ஒரு நூலளவு சிவப்பு மிச்சமிருந்தது. பழுதுபார்க்கும் கலங்கள் இரண்டை அதனிடம் அனுப்பினேன்.